நோட்டு யார் கையில்? ஊர்ப் பெண்கள் தலைமை ஏற்கத் துணை நிற்பவர்களுக்கு ஒரு கையேடு

ஒரு மகளிர் குழுவைப் பார்க்கப் போனால் நான் முதலில் கேட்பது தீர்மான நோட்டை. எவ்வளவு சேமிப்பு, எத்தனை உறுப்பினர் என்பதெல்லாம் அப்புறம். நோட்டைப் புரட்டிக் கையெழுத்தைப் பார்ப்பேன். பக்கத்துக்குப் பக்கம் ஒரே கையெழுத்து, அதுவும் அடித்தல் திருத்தல் இல்லாமல் அச்சடித்த மாதிரி இருந்தால் வயிற்றில் கொஞ்சம் புளி கரைக்கும். அப்படி ஒரு நோட்டை நானே மூன்று வருடம் எழுதியிருக்கிறேன்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம் எனக்கு. சுனாமி வந்தபோது வயது 24, கையில் ஒரு குழந்தை. 2005-இல் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். பிளஸ் டூ முடித்தவள், கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். வேலை கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பக்கத்து ஊரில் 16 பெண்கள் உள்ள ஒரு குழுவை என்னிடம் ஒப்படைத்தார்கள். கூட்டம் முடிவதற்குள் நான் தீர்மானத்தை எழுதி முடித்துவிடுவேன். பன்னிரண்டு பேர் கையெழுத்து, நாலு பேர் கைநாட்டு. பார்வையிட வந்தவர்கள் எல்லோரும் நோட்டைப் பாராட்டினார்கள். முன்மாதிரிக் குழு என்று பெயர் வாங்கியது. 2008-இல் என்னைச் சீர்காழிப் பக்கம் மாற்றினார்கள். ஐந்து மாதம் கழித்து அந்த ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது விசாரித்தேன். நோட்டு தலைவி வீட்டுப் பரணில் கிடந்தது. கடைசிப் பக்கம் நான் எழுதியதுதான். அதற்குப் பிறகு ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை.

அந்தப் பெண்களுக்கு அக்கறை இல்லை என்று அப்போது கோபப்பட்டேன். குழுவைக் கொன்றது நான்தான் என்று புரிய இன்னும் இரண்டு வருடம் ஆனது. இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் "எப்படிக்கா ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். களப்பணியாளர்கள், ஓய்வுபெற்ற டீச்சர்கள், ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் வெளியூர்க்காரர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வேலை செய்தது டெல்டாக் கடற்கரையில். உங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் கூட்டம் போடாதீர்கள்

வந்ததும் வராததுமாகச் சமுதாயக் கூடத்தில் பாய் விரித்துக் கூட்டம் போட்டால் யார் வருவார்கள் தெரியுமா? வழக்கமாக எந்தக் கூட்டத்துக்கும் வருகிற அதே ஆறு பேர். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் மற்ற பெண்கள் அவர்களைத் தலைமையாக நினைக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

கூட்டத்துக்குப் பதிலாக, பெண்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்குப் போங்கள். எங்கள் பக்கம் அது மீன் ஏலம் போடும் இடம், ரேஷன் கடை வரிசை, குடத்தோடு காத்திருக்கும் குழாயடி, நூறு நாள் வேலை நடக்கும் வாய்க்கால் கரை. அங்கே உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யார் வீட்டுக் கதவைத் தட்டுவீங்க?" நாலு நாள், நாலு இடத்தில், முப்பது பேரிடம் கேட்டால் இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். நான் பார்த்தவரை அவர்கள் மைக்கைப் பிடித்துப் பேசுகிறவர்களாக இருக்க மாட்டார்கள். என் இரண்டாவது ஊரில் அப்படி வந்த பெயர் 52 வயது விதவை ஒருவருடையது. அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. நல்ல காரியம் நடக்கும் வீட்டுக்குப் போனால் ஒதுங்கியே நிற்பார். ஆனால் யார் வீட்டில் அரிசி இல்லை, யாருக்கு யார் எவ்வளவு கடன் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊரே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். மீன் விற்கிற பெண்கள் விடியக்காலை நாலு மணிக்கு ஏலத்துக்குப் போய், ஊர் ஊராகச் சுற்றி, வீடு வந்து சேர மதியம் இரண்டாகும். காலை 11 மணிக் கூட்டம் என்பது அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிற நமக்கு வசதி, அவ்வளவுதான். எங்கள் பெண்களுக்குச் சாயங்காலம் நாலரை சரிப்பட்டது. ஏழு மணிக்கு மேல் சீரியல், அதோடு யாரும் போட்டி போட முடியாது.

இடம் அதைவிட முக்கியம். கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தால் காலனித் தெருப் பெண்கள் வர மாட்டார்கள். கேட்டால் "வேலை இருந்துச்சு" என்பார்கள், காரணம் அது இல்லை என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். ஒரு வாரம் பள்ளிக்கூடம், ஒரு வாரம் காலனித் தெரு, ஒரு வாரம் கடற்கரை வலைக்கூடம் என்று மாற்றுங்கள். காலனித் தெருவில் வைத்த முதல் கூட்டத்துக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் வரவில்லை. வந்த பாதியில் சிலர் டீ குடிக்கவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எட்டாவது மாதம் எல்லோரும் குடித்தார்கள். நடுவில் நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை, கூட்டத்தை நிறுத்தவும் இல்லை.

நோட்டைக் கைமாற்றுவது

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கின, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. 1997-இல் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கப் பரவியது. பொதுவாக ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். ஒழுங்காகக் கூடுவது, ஒழுங்காகச் சேமிப்பது, உள்ளுக்குள் கடன் கொடுப்பது, தவணை தவறாமல் திரும்பக் கட்டுவது, கணக்கு எழுதுவது என்று ஐந்து விதிகள் சொல்வார்கள். முதல் நாலும் பெண்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சீட்டுப் பிடித்து வளர்ந்த ஊர்களில் சேமிப்பை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஐந்தாவதில்தான் நம்மைப் போன்றவர்கள் உள்ளே நுழைந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறோம். எழுதுகிறவள் சொல்வதுதான் தீர்மானம் என்றாகிவிடும். பேசியது எட்டு பேர், நோட்டில் இருப்பது என் வார்த்தை.

இரண்டாவது ஊரில் வேறு மாதிரி செய்தேன். முதல் கூட்டத்திலிருந்தே பேனாவை நான் தொடவில்லை. எட்டாவது வரை படித்த ஒரு மருமகளும் ஐந்தாவதோடு நின்ற இன்னொருத்தியும் மாறி மாறி எழுதினார்கள். முதல் ஆறு மாத நோட்டைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். "கடன் கொடுத்தம் 2000 வலை வாங்க செவ்வாகெழமை கட்டுவா" என்று இருக்கும். வங்கிக்கு அது போதாதே என்று பயந்தேன். "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" எல்லாம் எங்கே என்று மேலதிகாரி கேட்டார். தேதி, வந்தவர்கள் பெயர், எவ்வளவு தொகை, யாருக்கு, எதற்கு, எப்போது திரும்ப வரும், இந்த ஆறும் இருந்தால் போதும் என்று பேசி முடித்தோம். ஏகமனது பிறகு வந்து சேர்ந்தது.

கட்டாயம் ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளே கொண்டுவாருங்கள். எழுதியதைச் சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இதுதான் பாதுகாப்பு. பெரியம்மா மூன்றாவது கூட்டத்திலேயே, "நான் அப்படிச் சொல்லலையே, ரெண்டு மாசம்னு சொன்னேன், மூணுன்னு எழுதியிருக்கே" என்று நிறுத்தினார். அந்த மருமகள் முகம் சிவந்துபோய்த் திருத்தினாள். அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன் என்று தோன்றியது.

பள்ளிக்கூடம் போகும் மகளை எழுதவைக்கலாமே என்பார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் பிள்ளை காலேஜுக்குப் போய்விடும், அல்லது கல்யாணமாகிப் போய்விடும். குழுவுக்குள்ளேயே இரண்டு பேர் வேண்டும். வங்கிக்குப் போவதும் இப்படித்தான். கையெழுத்துப் போடும் இருவரோடு ஒவ்வொரு முறையும் இதுவரை வங்கிப் படி ஏறாத ஒருவரையும் அனுப்புங்கள். இன்னொன்று, வங்கியிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ். யார் போனுக்கு வருகிறது என்று பாருங்கள். பல குழுக்களில் அது தலைவியின் கணவர் போனாக இருக்கும். ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் மாற்றிவிடலாம், ஆனால் யாராவது கேட்க வேண்டும்.

கடன் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பல ஊர்களில் குழு என்றாலே வாரத்தவணை வசூல்தான். தனியார் நிதி நிறுவன ஆள் பைக்கில் வந்து, ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரை அவள் வீட்டு வாசலில் உட்காரவைக்கிறார். அதற்கும் குழு என்றுதான் பெயர். அதை நீங்கள் தலைமைப் பயிற்சி என்று அறிக்கையில் எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

சொல்லிக்கொடுக்க வேண்டியது நீங்கள் இல்லை

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். துணி கொடுத்தார்கள், பாத்திரம் கொடுத்தார்கள், மனநல ஆலோசனை கொடுத்தார்கள். எனக்கு மறக்காமல் நிற்பது மராத்தியும் குஜராத்தியும் பேசிக்கொண்டு வந்த சில பெண்கள். சேலையை வேறு மாதிரி கட்டியிருந்தார்கள். கையில் கொடுக்க எதுவும் கொண்டுவரவில்லை.

அவர்கள் கதை இது. மகாராஷ்டிரத்தில் 1993 செப்டம்பர் 30 விடியக்காலை லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் நிலநடுக்கம். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். வீடுகளைப் பழுதுபார்த்துக் கட்டும் அரசுத் திட்டம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் நடந்தபோது, பிரேமா கோபாலன் தொடங்கிய ஸ்வயம் சிக்ஷண் பிரயோக் என்ற அமைப்பு, ஊருக்கும் அரசுக்கும் நடுவில் தகவல் கொண்டுபோகும் வேலையை அந்தந்த ஊர் மகிளா மண்டல் என்ற மகளிர் சங்கப் பெண்களிடமே கொடுக்கவைத்தது. சம்வாத் சகாயக், அதாவது உரையாடல் உதவியாளர் என்று பெயர். எந்தச் சுவரில் எவ்வளவு கம்பி, எந்தத் தவணை எப்போது வரும், பொறியாளர் சொன்னது செய்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொன்னவர்கள் அவர்கள்தான். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூமி அதிர்ந்தபோது லாத்தூர்ப் பெண்கள் அங்கே போனார்கள். 1999 நிலநடுக்கத்துக்குப் பிறகு கூடார முகாம்களில் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்குமான மையங்களை நடத்திய துருக்கிப் பெண்களோடும் இதே மாதிரிப் போக்குவரத்து இருந்தது. சுனாமிக்குப் பிறகு லாத்தூர், குஜராத் பெண்கள் எங்கள் கடற்கரைக்கு வந்தார்கள்.

மொழிபெயர்க்க ஒரு பெண் இருந்தார். வந்தவர்களில் ஒரு அம்மா கேட்ட முதல் கேள்வியே "உங்க புது வீட்டுக்கு அடுப்படி எந்தப் பக்கம்னு உங்கள யாராவது கேட்டாங்களா?" என்பதுதான். யாரும் கேட்கவில்லை. அதுவரை கேட்கலாம் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த அம்மா தன் ஊரில் என்ஜினியரிடம் எப்படிக் கேட்டார் என்று நடித்துக் காட்டினார், எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. ஒரு வாரத்தில் எங்கள் பெண்கள் பதினொரு பேர் கட்டுமான இடத்துக்குப் போய் நின்றார்கள். எங்களுக்கு அதற்கு முன் மூன்று பயிற்சி வகுப்பு நடந்திருந்தது, சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா எல்லாம் வைத்து. ஒன்றும் நடக்கவில்லை.

அதனால் நான் பயிற்சிக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியை ஊர்விட்டு ஊர் அழைத்துப்போவதற்குச் செலவழிக்கிறேன். சில விஷயங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை. தலைவியை மட்டும் கூட்டிப்போகாதீர்கள், ஆறு முதல் எட்டு பேர் போனால்தான் திரும்பி வந்து ஊரில் பேச்சு நிற்கும். லாட்ஜில் தங்கவைக்காதீர்கள், அந்த ஊர்ப் பெண்கள் வீட்டிலேயே தங்கட்டும்; விஷயம் எல்லாம் ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் வெளியே வரும். தங்கள் நோட்டைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மற்றவர்கள் நோட்டைப் பார்த்த பெண்கள், நான் ஒரு வருடம் தொண்டை கிழியச் சொல்லியும் எழுதாத கணக்கைத் தாங்களாகவே எழுத ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன். தோற்றுப்போன வேலையையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். திரும்பி வந்த வாரமே ஊரில் சொல்ல வேண்டும், ஆறிப்போனால் போச்சு.

இன்னொன்று காசு. மீன் விற்கும் பெண் இரண்டு நாள் வெளியூர் வந்தால் இரண்டு நாள் வியாபாரம் போச்சு. வாடிக்கை வீடு வேறு கைக்குப் போய்விடும். பஸ் கட்டணமும் சாப்பாடும் மட்டும் கொடுத்துவிட்டு "இலவசப் பயிற்சி" என்று சொல்வது அநியாயம். இழந்த கூலியைக் கொடுங்கள். கைக்குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்கும் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்தோ சென்னையிலிருந்தோ பணம் அனுப்ப நினைப்பவர்கள் பேனரையும் டீ ஷர்ட்டையும் நிறுத்திவிட்டு இந்த மூன்றுக்கும் கொடுத்தாலே போதும்.

இருட்டுக்கு ஒரு மனு

முதல் கோரிக்கையாக எதை எடுப்பது? யாருக்கும் நஷ்டம் இல்லாத ஒன்றை. எங்கள் மீனவ ஊர்களில் நாட்டார் பஞ்சாயத்து என்று ஒன்று உண்டு. ஆண்கள் மட்டும்தான் உட்காருவார்கள். பெண்கள் வழக்கோடு போய் நிற்கலாம், பேச்சில் உட்கார முடியாது. முதல் நாளே "எங்களையும் சேருங்கள்" என்று போனால் கதவு சாத்தப்படும், அந்தப் பெண்களின் வீட்டுக் கதவும் சேர்த்து. எங்கள் குழு எடுத்தது தெருவிளக்கு. நாலு மணிக்கு ஏலத்துக்குப் போகும் பாதையில் வெளிச்சம் இல்லை.

எங்கே எத்தனை விளக்கு என்று கேட்டதும் ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். அப்புறம் கோலப்பொடியை எடுத்துப் பள்ளிக்கூடத் தரையில் ஊரையே வரைந்தார்கள். தெரு, கோயில், குழாய், டாஸ்மாக் கடை எல்லாம். இருட்டான இடத்தில் எல்லாம் ஒரு புளியங்கொட்டை. வைத்துப் பார்த்தால் பதினான்கு கொட்டை. அதில் ஒன்பது காலனித் தெருவுக்குப் போகும் வழியில். அதுவரை அதை யாரும் கவனித்ததில்லை. கோலத்தைச் செல்போனில் படம் எடுத்து, பார்த்துக் காகிதத்தில் வரைந்து மனுவோடு இணைத்தோம்.

மனுவில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். விளக்கு, குப்பை, சாலை, ரேஷன் எல்லாம் ஒன்றாகப் போட்டால் நாலு மேசைக்குப் போய் நாலிலும் தூங்கும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு எல்லோரும் ஓடுவார்கள். நான் முதலில் ஊராட்சிக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் கொடுக்கச் சொல்வேன். திங்கட்கிழமை மனு எப்படியும் சுற்றி அங்கேதான் வரும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் படி இறங்கக் கூடாது. அதை அதே தீர்மான நோட்டில் ஒட்ட வேண்டும். ஒரு மாதம் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கேள்வி கேட்கலாம், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பாதி நேரம் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்ததுமே மனு நகர ஆரம்பிக்கும்.

போவதற்கு முதல் நாள் ஒத்திகை பாருங்கள். குழுவில் ஒருத்தி அதிகாரியாக நடிக்கட்டும். எங்கள் ஊரில் அந்த வேஷத்துக்குப் பெரியம்மா. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நிமிர்ந்தே பார்க்காமல், போனில் பேசிக்கொண்டே "ம்... என்ன வேணும்... நாளைக்கு வாங்க" என்றார். அத்தனை வருடம் அலுவலக வாசலில் நின்ற அனுபவம் பேசியது.

நீங்கள் கூடப் போகலாமா? முதல் முறை போகலாம், ஓரமாக. ஒன்றிய அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அஞ்சு பெண்கள் முன்னால் நிற்க, அதிகாரி தலையை நிமிர்த்தி, பின்னால் பை மாட்டி நின்ற என்னைப் பார்த்து "சொல்லுங்க மேடம்" என்றார். எனக்கு எல்லாம் தெரியும், வாய் நுனியில் நிற்கிறது. நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அதிகாரி மறுபடி என்னைப் பார்த்தார். நான் மறுபடி பெரியம்மாவைப் பார்த்தேன். நாலைந்து நொடி இருக்கும், அவ்வளவு நீளமான நொடிகளை நான் பார்த்ததில்லை. அப்புறம் பெரியம்மா, "சார், நான் பேசுறேன். விடியக்காலம் நாலு மணிக்கு எங்க ஊருக்கு வந்து பாருங்க" என்று தொடங்கினார். அடுத்த முறையிலிருந்து நான் டீக்கடையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

1995-இல் பெய்ஜிங்கில் உலகப் பெண்கள் மாநாடு நடந்தபோது, தொண்டு அமைப்புகளின் கூட்டத்தை ஹுவைரோ என்ற புறநகரில் வைத்தார்கள். அந்த ஊர்ப் பெயரிலேயே ஹுவைரோ கமிஷன் என்ற கூட்டமைப்பு உருவானது. அடித்தட்டுப் பெண்களுக்கு அவர்கள் சொல்லித்தரும் வழிகளில் ஒன்று, உள்ளூர் அதிகாரிகளோடு தொடர்ந்து பேசும் உரையாடல். மனு கொடுத்துவிட்டு வருவதோடு நிறுத்தாமல், அடுத்த தேதியையும் அந்த மேசையிலேயே கேட்டு வாங்கி வருவது. எங்கள் பெண்கள் இதைத் தெரிந்து செய்யவில்லை, "அடுத்த செவ்வாய் வரட்டுமா சார்?" என்பது வாடிக்கைக்காரரிடம் மீன்காசு கேட்கும் பழக்கம். பதினான்கில் பத்து விளக்கு ஒன்பது மாதத்தில் எரிந்தது.

நாட்டார்களை என்ன செய்தோம்? விளக்கு எரிந்த அன்று அவர்களையே கூப்பிட்டுத் தேங்காய் உடைக்கச் சொன்னோம். சிலருக்கு இது பிடிக்காது, எனக்கும் முழுக்கப் பிடிக்கவில்லை. ஆனால் கென்யாவில் கணவன் இறந்ததும் சொந்தக்காரர்களிடம் நிலத்தைப் பறிகொடுக்கும் பெண்களைக் காக்க, க்ரூட்ஸ் கென்யா அமைப்பைச் சேர்ந்த ஊர்ப் பெண்கள் காவல் குழுக்கள் வைத்தபோது, ஊர்ப் பெரியவர்களையும் அரசாங்கம் நியமித்த 'சீஃப்'களையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள் என்று ஒரு பயிற்சியில் கேட்டபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அடுத்த வருடம் நாட்டார் கூட்டத்தில் ஏலத்தொகை பற்றிப் பேச இரண்டு பெண்களைக் கூப்பிட்டார்கள். பாயில் உட்காரவைத்தார்கள், ஓரத்தில்தான்.

கிராம சபை

வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள். ஆட்கள் போதவில்லை என்றால் சபை செல்லாது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒன்று புரியும், தங்கள் கையெழுத்து இல்லாமல் கூட்டமே இல்லை. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து என்று குழுவில் பழகிய பெண்களிடம் இது எடுபடாது. இருபது பேர் சேர்ந்து முன்வரிசையில் உட்காருங்கள், பிரிந்து உட்கார வேண்டாம். பேசுகிறவர் பெயரையும் தெருவையும் சொல்லித் தொடங்கட்டும். தீர்மானத்தை எழுதிக் கொண்டுபோங்கள், வாய்மொழியாகச் சொன்னால் கிளார்க்கு எழுதுவது வேறாக இருக்கும்.

பதவிக்கு வந்தவுடன்

2016 முதல் தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 2019 டிசம்பரில் எங்கள் மாவட்டத்திலும் நிறையப் பெண்கள் தலைவராக வந்தார்கள். 2025 ஜனவரியில் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. கணவர் நாற்காலியில் உட்கார, மனைவி வீட்டுக்கு வந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு முதல் நூறு நாளில் யாரும் துணை நிற்கவில்லை என்று அர்த்தம். ஜெயித்த மறுநாளே செய்ய வேண்டியது: ஊராட்சிக் கடிதங்களில் அவர் போன் எண், அலுவலகத்துக்கு அவர் வரும் நாளும் நேரமும் பலகையில், கூட வர குழுவிலிருந்து இரண்டு பெண்கள். கணவரிடம் சண்டை வேண்டாம். வெளிவேலைக்கு அவரை ஓடவிடுங்கள், நாற்காலி காலியாகும். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவையுங்கள். தலித் பெண் தலைவர்களை மடக்க நினைக்கும் ஊரில் துணைத்தலைவர் கையெழுத்தை இழுத்தடிப்பார். ஒவ்வொரு மறுப்பையும் தேதியோடு எழுதிவைத்தால்தான் மேலே புகார் செய்ய முடியும்.

தனியாக ஒரு பெண்ணை முன்னால் தள்ளாதீர்கள். இதை நான் எந்தப் பயிற்சியிலும் விடாமல் சொல்வேன். மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்காக நின்ற மாமன்ற உறுப்பினர் லீலாவதியை 1997 ஏப்ரலில் நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். எல்லா ஊரும் அப்படி இல்லை. ஆனால் மணல், தண்ணீர், ஏலம், சாராயம் என்று யாருடைய வருமானத்திலாவது கை வைக்கும் கோரிக்கை என்றால், மனுவில் இருபது பெயர் இருக்க வேண்டும், பேச நாலு பேர் இருக்க வேண்டும், யார் முதலில் எழுதினார்கள் என்று வெளியே தெரியக்கூடாது. அடி வீட்டுக்குள்ளும் விழும். கூட்டத்துக்கு வந்ததற்காக அடி வாங்கிய பெண் அடுத்த வாரம் வராவிட்டால், நோட்டில் 'வரவில்லை' என்று எழுதிவிட்டு விடாதீர்கள், அன்றே இரண்டு பேர் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண் எல்லாப் பெண்கள் போனிலும் இருக்கட்டும், ஆண் பெயரில் சேமித்தாலும் சரி.

எப்போது விலகுவது

முதல் வருடம் வாரா வாரம் போனேன். இரண்டாவது வருடம் மாதம் ஒருமுறை. மூன்றாவது வருடம் கூப்பிட்டால் மட்டும். இந்தக் கணக்கை முதல் நாளே பெண்களிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கைவிட்டதாக நினைப்பார்கள். சொன்ன தேதியில் நமக்கே மனசு வராது, ஏதாவது காரணம் கண்டுபிடித்துப் போய் நிற்போம். மூன்றாவது வருடம் ஐப்பசியில் அப்படித்தான் நானும் போனேன். மழை. பெரியம்மா வியாபாரத்துக்குப் போயிருந்தார். மருமகள் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். போன வாரம் கூட்டம் நடந்திருக்கிறது, எனக்குத் தகவலே இல்லை. நாலு விதமான கையெழுத்து, இரண்டு இடத்தில் அடித்தல். மூவாயிரம் கடன் ஒருத்திக்கு, ஐஸ்பெட்டி வாங்க. விளக்கு இரண்டு ஃப்யூஸ், செவ்வாய் அன்று போவது யார் யார் என்று மூன்று பெயர். அதற்குக் கீழே, "ஆபிஸ் அம்மா வரலை. கூட்டம் நடந்துது. டீ 60 ரூபா."